ராக் டிரம்மருக்குச் சோறு போடும் மேடைகள்

ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த வருமானத்தை மட்டும் வைத்து வாடகை கட்டிக் குடும்பம் நடத்திய ஒருவரைக்கூடச் சென்னையில் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொழில் என்ன என்று யாராவது கேட்டால் 'ராக் டிரம்மர்' என்றுதான் இன்றும் வாயில் வருகிறது. ஆனால் வீட்டுக்கு அரிசி வாங்கிய பணம் கல்யாண மண்டபக் கச்சேரியிலிருந்தும், தேவாலயத்திலிருந்தும், ரெக்கார்டிங் தியேட்டரிலிருந்தும், மாணவர்கள் கட்டும் மாதக் கட்டணத்திலிருந்தும் வந்தது. ராக் மேடைக்குப் பெரும்பாலும் நான்தான் கைக்காசு போட்டேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. லைட் மியூசிக் கச்சேரிக்குப் போகிறவனை ராக் ரசிகர்கள் ஒரு படி கீழே வைத்துப் பேசுவது உண்டு. ராக் வாசிப்பவர்களே 'கமர்ஷியல் ஆகிட்டான்' என்பார்கள். என் அனுபவம் வேறு. ராக் மேடையில் நான் உருப்படியாக வாசித்த ஒவ்வொன்றும் அந்த மற்ற மேடைகளில் கற்றது. கொஞ்சம் தேடிப் பார்த்தால் உலகத்தின் பெரிய ராக் டிரம்மர்களுக்கும் இதே கதைதான். ஏன், டிரம்ஸ் என்ற வாத்தியமே கூலிக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

நூறு வருடங்களுக்கும் முன்பு அமெரிக்காவில் பெரிய டிரம்மை ஒருவர், ஸ்நேர் டிரம்மை ஒருவர், சிம்பலை ஒருவர் என்று ஆளுக்கொன்றாக வாசித்தார்கள். நாடகக் கொட்டகையிலும் நடனக் கூடத்திலும் இடம் குறைவு. மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் குறைவு. அதனால் ஒரே ஆள் மூன்றையும் சமாளிக்க வேண்டிய நிலை வந்தது. 1909-ல் வில்லியம் லுட்விக் காலால் மிதிக்கும் பெடலுக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய டிரம் காலுக்குப் போயிற்று, கை இரண்டும் விடுதலையாயின. 1920-களில் இடது காலுக்கும் வேலை கொடுக்க, காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட் உருவானது. நான்கு கைகால்களுக்கும் தனித்தனி வேலை பார்க்கும் இந்த வித்தையைப் பார்த்து இன்று ஜனங்கள் வாய் பிளக்கிறார்கள். அதன் தோற்றுவாய் ஆள்குறைப்பு!

எனக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெரம்பூரில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களில் வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஜைவும் வாசித்த தலைமுறை. நாங்கள் எல்லோரும் அவரை 'அங்கிள்' என்போம். இடது கையில் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, கட்டைவிரல் இடுக்கில் வைத்துப் பிடிப்பார். ராணுவ அணிவகுப்பில் டிரம்மைத் தோளில் மாட்டிச் சாய்வாகத் தொங்கவிட்டு வாசித்த காலத்துப் பிடி அது. டிரம் ஸ்டாண்டுக்கு ஏறிய பிறகும் பழக்கம் விடவில்லை. பின்னாளில் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இரண்டு கையையும் ஒரே மாதிரி பிடித்து வாசித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன்கள் எல்லாம் அந்தப் பிடிக்கு மாறினார்கள்.

அங்கிளிடம் பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. "உன் கையப் பாக்காத மேன், ஆடுறவங்க காலப் பாரு" என்பார். ஆடுபவர்களின் கால் தடுமாறினால் தவறு டிரம்மருடையது. பாராட்டு, விமர்சனம் எல்லாம் தரையிலேயே தெரிந்துவிடும். ஒரு டிரம்மர் எவ்வளவு வேகமாக உருட்டுகிறான் என்பதை அங்கே யாரும் கவனிப்பதில்லை. ராக் என்பது நடன இசையின் பிள்ளை என்பதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கூட்டம் தலையாட்டவில்லை என்றால் மேடையில் எத்தனை சாகசம் செய்தும் பயனில்லை.

அடுத்த பள்ளிக்கூடம் தேவாலயம். கான்கிரீட் சுவர், உயரக் கூரை, கல் தரை. ஸ்நேரில் ஒரு தட்டு தட்டினால் அது கூடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். பாடற்குழுவில் பாதிப் பேருக்கு மைக் இருக்காது. "தம்பி, பாட்டு கேக்கணும்" என்று ஃபாதர் ஒருமுறை சொன்னால் போதும், மறுவாரம் அந்த இடத்தில் வேறு டிரம்மர் உட்கார்ந்திருப்பார். சத்தமாக வாசிக்க எந்தப் பையனுக்கும் வரும். சத்தத்தைக் குறைக்கும்போது வேகமும் சேர்ந்து குறைந்துவிடும், அதுதான் சிக்கல். மெதுவாகத் தட்டியும் தாளம் தளராமல் இருக்க வேண்டும் என்றால் குச்சியைத் தூக்கும் உயரத்தைக் குறைத்து, விரலால் ஆட்ட வேண்டும். அதைப் பழக எனக்கு வெகுகாலம் பிடித்தது. பிற்பாடு ராக் பாட்டில் பாடகர் தணிந்து பாடும் சரணத்தில் நானும் தணிந்து, பல்லவியில் சட்டென்று எழும்பியபோது கூட்டம் கத்தியது. அந்தக் கத்தலுக்குச் சொந்தக்காரர் ஃபாதர்தான்.

லைட் மியூசிக் ட்ரூப்பில் சேர்ந்தபோதுதான் தொழிலின் கடுமை புரிந்தது. ஒத்திகை என்ற சொல்லே அங்கே அபூர்வம். மாலையில் மண்டபத்துக்குப் போனால் கீபோர்டு மாஸ்டர் ஒரு தாளில் பாட்டு வரிசையைக் கொடுப்பார். மேடை ஏறியதும் அந்த வரிசை மாறிவிடும். மாப்பிள்ளையின் மாமா ஒரு பழைய பாட்டு கேட்பார், பாடகிக்கு அது வேறு சுருதியில்தான் வரும், பேஸ் கிதார்காரருக்கு இடையிசை மறந்திருக்கும். எல்லாவற்றையும் கட்டி இழுத்துப்போவது டிரம்ஸும் தபேலாவும். பாட்டு வேகமெடுத்தால் மாஸ்டர் திரும்பிப் பார்க்கமாட்டார். "ஓடுது தம்பி, புடி" என்று மட்டும் சொல்வார். தளர்ந்தால் "இழுக்குது". இந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பயந்து பயந்தே என் காலம் சீரானது.

எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு, இளையராஜா காலத்துப் பாட்டு என்று ட்ரூப்பில் வாசிக்க வாசிக்க, பதிவில் வாசித்தவர்கள்மேல் மரியாதை கூடியது. மெட்ராஸில் அந்நாளில் பேர் பெற்றிருந்த நோயல் கிராண்ட், இளையராஜாவிடம் நெடுங்காலம் வாசித்த புருஷோத்தமன் போன்றவர்களின் கைவரிசை அது. கேட்கும்போது எளிதாக இருக்கும். அப்படியே வாசிக்க உட்கார்ந்தால்தான் ஹை-ஹாட் எங்கே கொஞ்சம் திறக்கிறது, பேஸ் கிதாரோடு கால் டிரம் எங்கே சேர்கிறது, தபேலா பேசும் இடத்தில் டிரம்ஸ் எப்படி ஒதுங்கிக்கொள்கிறது என்று தெரியும். பள்ளிக்கூடம் எதுவும் இதைச் சொல்லித் தராது.

குத்துப்பாட்டும் அப்படித்தான். ராக் நண்பர்கள் முகம் சுளிக்கும் தப்பாங்குத்து ஆறு எட்டுத் தாளத்தில் ஓடுவது. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துண்டு, அதாவது 'தகிட'. அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் பெயரால் வழங்கும் ஒரு ஷஃபிள் உண்டு. லெட் செப்பலின் 'ஃபூல் இன் த ரெய்ன்' பாட்டில் ஜான் பான்ஹமும், டோட்டோ குழுவின் 'ரோசானா' பாட்டில் ஜெஃப் போர்காரோவும் அதைத் தங்கள் வழியில் வாசித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க டிரம்மர்கள் தண்ணீர் குடிக்கும் இடம் அது. அதன் சூட்சுமம் இவ்வளவுதான்: 'த'வும் 'ட'வும் ஹை-ஹாட்டில் கேட்க வேண்டும், நடுவில் உள்ள 'கி'யை இடது கை ஸ்நேரில், இருக்கிறதா இல்லையா என்னும்படி தடவிவிட்டுப் போக வேண்டும். ஊர்த் திருவிழாக்களில் இரவெல்லாம் 'தகிட'வில் ஊறிய கைக்கு அந்த 'கி' தானாக வந்தது. நான் சுளித்த முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் இன்னொரு கொடை. நான் முறையாக மிருதங்கம் கற்றவன் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்டவன். வாயில் வராதது கையில் வராது என்று மிருதங்க ஆசிரியர்கள் சொல்வார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' 1973-ல் வந்த பாட்டு. ஏழு அடித் தாளம். காலேஜ் பையன்கள் ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணிக்கொண்டே வாசித்து எங்காவது தொலைந்துபோவார்கள். 'தகிட தகதிமி' என்று மிஸ்ர சாப்பில் வாய்க்குள் ஓட்டினால் எண்ணவே வேண்டாம். கிதார் தனி வரும்போது பாட்டு நான்கு அடிக்கு மாறும்; அப்போது 'தகதிமி' மட்டும் போதும். டேவ் புரூபெக் குழுவில் ஜோ மொரெல்லோ வாசித்த 'டேக் ஃபைவ்' ஐந்து அடி என்றால் நமக்கு அதுவும் புதிதல்ல.

நம் தாளத்துக்கும் ராக்குக்கும் உள்ள இந்த உறவு ஒருவழிப் பாதையும் இல்லை. கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-ல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பைச் செய்தார். அதில் ஜாகிர் உசேனின் தபேலாவோடு விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலித்தது. உலக இசைக்கென்று கிராமி முதன்முறையாக விருது வைத்தபோது அதை வாங்கியது அந்தத் தொகுப்புதான். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1971-ல், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். இன்று மேல்நாட்டு டிரம்மர்கள் பலர் 'ததிகினதொம்' சொல்லிப் பழகுகிறார்கள். நம் பையன்கள் அதை அங்கேயிருந்து வரும் காணொளிகளில் பார்த்துக் கற்கிறார்கள். பக்கத்துத் தெரு வாத்தியார் இன்னும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்.

ரெக்கார்டிங் வேலை இன்னொரு விதமான பாடம். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் மொத்த வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. நான் உள்ளே போனபோது அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. 1980-லேயே ரோஜர் லின் அசல் டிரம் ஒலிகளைப் பதித்த மின்னணு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். அதன் வழித்தோன்றல்கள் தொண்ணூறுகளில் இங்கேயும் நிரம்பின. மேடையில் ஆக்டோபேட் என்ற மின்னணுத் தட்டு வாத்தியம் வந்து உட்கார்ந்தது. முழு டிரம்ஸ் செட்டை ஏற்றி இறக்கும் வண்டிக்கூலி மிச்சம் என்று ட்ரூப்காரர்கள் அதற்கு மாறினார்கள். மூன்று பேர் வேலையை ஒருவரிடம் கொடுத்த அதே கணக்கு இப்போது அந்த ஒருவரையும் தேடி வந்தது.

நானும் ஆக்டோபேட் பழகிக்கொண்டேன். பழகாதவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். டிரம்ஸ் வாசிக்க அழைப்பு வந்த பதிவுகளில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, அதில் தாளம் எண்ணும் 'க்ளிக்' ஓடும். ஆரம்பத்தில் அது எதிரியாகத் தெரியும். அடி சரியாக அதன் மேலேயே விழுந்தால் க்ளிக் சத்தம் நம் ஸ்நேருக்குள் மறைந்து காணாமல் போகும். க்ளிக் கேட்கவில்லை என்றால் சரியாக வாசிக்கிறோம் என்று அர்த்தம். கேட்டால் முன்னாலோ பின்னாலோ இருக்கிறோம். ரெக்கார்டிங் தியேட்டரில் பாராட்டு என்பது ஒரே டேக்கில் முடித்துவிட்டுக் கிளம்புவது.

இதே கூலி வேலைதான் அமெரிக்க ராக்கின் பின்னாலும் இருந்தது. தி பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' 1965-ல் பெரிய வெற்றி. அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் டிரம்மர் அல்ல. ஹால் பிளெய்ன் என்ற கூலி வாத்தியக்காரர். பீட்டில்ஸின் முதல் சிங்கிளான 'லவ் மீ டூ'வுக்கு 1962 செப்டம்பர் 11 அன்று ஆண்டி வைட் என்பவரை அழைத்து டிரம்ஸ் வாசிக்கச் செய்து, புதிதாகச் சேர்ந்திருந்த ரிங்கோவின் கையில் டாம்பரினைக் கொடுத்தார்கள். ரிங்கோவுக்கே அந்தக் கதி.

அவர் அதிலிருந்து மீண்டு வந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடது கைப் பழக்கமுள்ள ரிங்கோ வலது கைக்காரருக்கு அமைத்த டிரம்ஸில் வாசிப்பவர். அதனால் அவருடைய உருட்டல்கள் மற்றவர்களுக்கு வராத ஒரு தினுசில் விழும். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர் வாசித்ததை அமெரிக்காவே பார்த்தது. டிரம்மில் எழுதியிருந்த லுட்விக் என்ற பெயரைப் பார்த்துப் பையன்கள் கடைக்கு ஓடினார்கள். பெடல் செய்து தொடங்கிய அதே கம்பெனி!

மற்ற பெரியவர்களும் ராக்கிலிருந்து ராக்குக்கு வந்தவர்கள் அல்லர். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் ஜாஸ் பித்தர். 1963-ல் குழுவில் சேர்ந்து 2021-ல் மறையும்வரை அங்கிளைப் போலவே பழைய ராணுவப் பிடியில்தான் வாசித்தார். ஸ்நேரை அடிக்கும் இடத்தில் ஹை-ஹாட்டிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்நேர் தனியாகப் பேசும். க்ரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கரும் ஜாஸ்காரர்தான். பின்னர் நைஜீரியாவுக்குப் போய் ஃபெலா குட்டியோடு வாசித்தார். தி போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் பெய்ரூட்டில் வளர்ந்து அரபுத் தாளங்களைக் காதில் வாங்கியவர். ஜான் பான்ஹம் சிறுவயதில் ஜீன் கிரூபாவைக் கேட்டு மயங்கியவர். 1969-ல் லெட் செப்பலின் முதல் தொகுப்பிலேயே ஒற்றைப் பெடலில் ஒற்றைக் காலால் அவர் வாசித்ததைக் கேட்டுப் பலர் இரண்டு பெடல் என்று நினைத்தார்கள். 1980 செப்டம்பரில் அவர் இறந்ததும் மற்ற மூவரும் வேறு ஆள் தேடவில்லை. அந்த டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள்.

ராக் மேடையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். எங்கள் காலத்தில் அது காலேஜ் கல்சுரல்ஸ்தான். சென்னை ஐஐடியின் மார்டி கிரா, பிறகு சாரங் என்று பெயர் மாறியது. அதன் திறந்தவெளி அரங்கில் வாசிப்பது ஒரு கனவு. பெங்களூரு, கொச்சி, ஷில்லாங், மும்பையிலிருந்தெல்லாம் குழுக்கள் வரும். மும்பையில் 1986-ல் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழாவில் வாசிப்பது அதைவிடப் பெரிய கனவு. வருமானத்துக்குப் பெங்களூரு பப்கள். ராத்திரி பஸ்ஸில் ஏறி, மடியில் சிம்பல் பையை வைத்துக்கொண்டு போய், மறுநாள் வாசித்துவிட்டு அன்றிரவே திரும்புவோம். கையில் வந்த பணத்தில் பஸ் டிக்கெட் போக மிஞ்சுவது சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

இந்த மேடைகளில் டிரம்ஸ் செட் அவர்கள் கொடுப்பது. எல்லாக் குழுவும் அதையே வாசிக்க வேண்டும். டிரம்மர் தன்னுடைய ஸ்நேர், சிம்பல்கள், கால் பெடல், முடிந்தால் உட்காரும் ஸ்டூல் ஆகியவற்றை மட்டும் கொண்டுபோவார். வாடகைக்கு வரும் செட்டின் தோல் பெரும்பாலும் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். தோல் என்பது பேச்சுவழக்குதான், அது பிளாஸ்டிக். 1957-ல் ரெமோ பெல்லி போன்றவர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை கன்றுத் தோல்தான். மார்கழிப் பனிக்கும் ஏசி அரங்குக்கும் மிருதங்க வித்வான்கள் இன்றும் படும் பாட்டை நாங்கள் படுவதில்லை. எங்கள் பிரச்சினை வேறு. கால் டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகர்ந்து போகும். அதனால் கீழே ஒரு கம்பளம் வேண்டும். உள்ளே பழைய பெட்ஷீட்டைத் திணித்தால் வீங்கிய சத்தம் அடங்கும். அதிரும் டாமுக்குப் பிளாஸ்டர் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக டிரம் கீ. சாவிக்கொத்தில் அது இல்லாத டிரம்மரை நான் நம்பமாட்டேன். திருகுகளை எதிரெதிராக, கார் டயர் நட்டு முடுக்குவது மாதிரி, மாறி மாறித் திருகினால்தான் தோல் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பில் நிற்கும்.

மேடையில் டிரம்மரின் மிக முக்கியமான வேலை பாட்டு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குச்சியைக் குச்சியில் தட்டி நான்கு எண்ணுகிறோமே, அதுதான். கூட்டத்தைப் பார்த்ததும் இதயம் வேகமெடுக்கும், எண்ணிக்கையும் அதோடு ஓடும். பாடகருக்கு மூச்சு வாங்கும், கிதார்காரர் விரல் சிக்கும், பழி அவர்கள் மேல் விழும். நான் செய்வது இது: எண்ணும் முன் அந்தப் பாட்டின் பல்லவியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பார்ப்பேன். அதன் வேகம் உடம்பில் ஏறிய பிறகுதான் குச்சியைத் தூக்குவேன். கூட்டம் காத்திருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் கற்ற பழக்கம் இது.

வாசிக்கப் போன மேடை போக, பார்க்கப் போன மேடையும் உண்டு. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழு பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது தென்னிந்தியாவின் ராக் கூட்டமே அங்கே இருந்தது. அதன் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினின் முகம் டிரம்ஸ் குவியலுக்குப் பின்னால் தெரியவே இல்லை. ஹெவி மெட்டலில் எல்லோரும் இரட்டைப் பெடலுக்குப் போய்விட்ட காலத்தில் அவர் ஒற்றைப் பெடலிலேயே அத்தனை பாட்டையும் ஓட்டினார். 2023-ல் பக்கவாதம் வந்த பிறகும் மீண்டு வந்து வாசித்து, 2024 டிசம்பரில் சாவ் பாலோவில் குழுவோடு கடைசியாக வாசித்து விடைபெற்றார்.

எங்கள் குழுவின் கதை எல்லாக் குழுக்களின் கதைதான். கிதார்காரர் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனார். பேஸ் வாசித்தவருக்கு ஐடி கம்பெனியில் இரவு ஷிஃப்ட். பாடகருக்குக் கல்யாணம். என் வீட்டில் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர், "தம்பி டிரம்ஸ் வாசிக்கிறாரு, சரி. வேலைக்கு என்ன பண்றாரு?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் காபியைக் குடித்தார். எங்கள் சொந்தப் பாட்டுகள் சிலவற்றைப் பதிவு செய்திருந்தோம். அட்டையில் பாட்டும் இசையும் என்று இரண்டு பேர் பெயர். தாளம் முழுக்க நான் கட்டியது. என் பெயர் நன்றி சொன்ன பட்டியலில் இருந்தது.

இது உலகப் பிரச்சினை. பாட்டின் உரிமை என்றால் மெட்டும் வரியும்தான் என்பது காலங்காலமான பழக்கம்; தாளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969-ம் ஆண்டுப் பதிவு ஒன்றில் கிரெகரி கோல்மன் ஒரு சில நொடிகள் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். 'ஆமென் பிரேக்' என்று அதற்குப் பெயரே உண்டு. அந்தத் துண்டை வெட்டி ஒட்டி ஹிப்ஹாப்பிலும் மின்னணு நடன இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. 2006-ல் கோல்மன் வீடு வாசல் இல்லாமல் இறந்தார். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டும் தன் தாளத்தை ஊரே எடுத்துப் பயன்படுத்தியதைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே தவிர, அதற்கு ஏற்ற பணத்தைப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கதை. குவீன் குழு 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி'யைச் சிங்கிளாக வெளியிட்டபோது, இசைத்தட்டின் பின்பக்கத்தில் டிரம்மர் ராஜர் டெய்லர் எழுதிய கார் பற்றிய பாட்டு. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் சம பங்கு. முன்பக்கத்துக்காக வாங்கியவர்கள் எல்லோரும் டெய்லருக்கும் பணம் கொடுத்தார்கள். இதனால் குழுவுக்குள் நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. கடைசியில் 1989 தொகுப்பிலிருந்து எல்லாப் பாட்டையும் நால்வர் பெயரிலும் போட முடிவு செய்தார்கள். ஆர்.இ.எம். குழு தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் பங்கு பிரித்தது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன் 1984-ன் கடைசி நாளில் கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை வேலையை இடது காலுக்கு மாற்றும் பெடல்களைச் செய்துகொண்டு 1986-ல் டானிங்டன் விழாவில் மேடை ஏறினார். குழு அவருக்காகக் காத்திருந்தது. ஃபில் காலின்ஸுக்கு நரம்புக் கோளாறால் குச்சி பிடிக்க முடியாமல் போயிற்று. கடைசிச் சுற்றுப்பயணத்தில் அவருடைய மகன் டிரம்ஸ் வாசிக்க, அவர் நாற்காலியில் அமர்ந்து பாடினார். இவை பெரிய கதைகள். சிறிய கதை எல்லா டிரம்மருக்கும் உண்டு: இடுப்பு வலி, மணிக்கட்டு வலி, காதில் ஓயாத 'ங்ங்' சத்தம். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். எனக்கு இடது காதில், ஹை-ஹாட் இருக்கும் பக்கத்தில், சில ஒலிகள் இப்போது கேட்பதில்லை.

இன்று என் முக்கிய வருமானம் வகுப்புகள். டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். "எட்டாவது கிரேடு எப்போ சார் முடிப்பான்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கைக்கு ஒழுங்கு வரும். ஆனால் எட்டு கிரேடும் முடித்த பையனால் ஒரு பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அரை நொடி காத்திருக்க முடியவில்லை என்றால் அவன் இன்னும் டிரம்மர் ஆகவில்லை. அதற்கு ஆட்களோடு வாசிக்க வேண்டும். அறைக்குள் மெட்ரோனோமோடு வாசித்தால் வராது.

ஆகவே டிரம்ஸ் பழகும் தம்பி தங்கைகளுக்கு: எந்த அழைப்பையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள். தேவாலயம், கோயில் திருவிழா, காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, எது வந்தாலும் போங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். டிரம் கீ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளத்தில் நல்ல காதடைப்பான் வாங்குங்கள். புது சிம்பல் பிறகு வாங்கலாம். குழுவாகச் சொந்தப் பாட்டு போடுகிறவர்களுக்கு: பதிவுக்குப் போவதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் டிரம்மர் பெயரும் இருக்கட்டும்.